கையில் வந்த நிறம்

தாம்பரம் கிழக்கில் ரயில் நிலையப் படி இறங்கினால் வலது கைப் பக்கம் ஒரு வண்டி ஸ்டாண்டு உண்டு. அதற்கு முறையான பெயரும் பலகையும் இருக்கின்றன. யாரும் அதைப் படிப்பதில்லை. "துரை ஸ்டாண்டுல வுட்டுட்டு வந்துட்றேன்" என்றுதான் போனில் சொல்வார்கள். துரை என்றதும் ஸ்டாண்டின் முதலாளி என்று நினைத்துவிட வேண்டாம். குத்தகைக்கு எடுத்திருப்பவர் யேசுதாசன். துரை என்பது வாசலில் நின்று டோக்கன் கொடுக்கும் அரிகிருஷ்ணன். பிறக்கும்போதே உடம்பில் நிறம் இல்லாமல் பிறந்தவன். முடி, புருவம், இமை எல்லாம் சோளக்கதிரின் நார் போல வெளுத்திருக்கும். வெள்ளைக்காரன் மாதிரி இருக்கிறானே என்று எவனோ ஒரு புண்ணியவான் துரை என்று கூப்பிட்டான். பெயர் ஒட்டிக்கொண்டது.

அரிக்கு வயது நாற்பத்தாறு. அதில் பாதியாவது மற்றவர்களுக்குப் பதில் சொல்வதிலேயே போயிருக்கும். ஃபாரினா என்று கேட்பவர்களிடம் இல்லீங்க, சேலையூர் என்று சொல்ல வேண்டும். குஷ்டமா என்று கேட்க நினைத்துக் கேட்காமல், டோக்கனை இரண்டு விரல் நுனியால் வாங்கிக்கொள்பவர்களிடம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அப்படிச் சொல்லாமல் நிற்பதும் ஒரு வேலைதான். சாயங்காலம் வீடு திரும்பும்போது கால் வலியைவிட இந்தக் களைப்புதான் அவனுக்கு அதிகமாக இருக்கும்.

கண்ணும் சரியில்லை. கருவிழி ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். பத்தடிக்கு அப்பால் எல்லாம் கலங்கல். அவன் வண்டிகளைக் காதால் அடையாளம் வைத்திருந்தான். சைலன்சர் இருமுகிற வண்டி அஞ்சல் அலுவலகத்துக்காரருடையது, பிரேக் கீச்சிடும் ஸ்கூட்டி யூனிஸ் டீச்சருடையது என்று மனப்பாடம். யேசுதாசனுக்கு இது முழுசாகத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். "நீ வாசல்ல நின்னாதான் அரி, நம்ம ஸ்டாண்டுன்னு தூரத்துலேயே தெரியுது" என்பார். தகரக் கூரை உள்ளே மாதச் சீட்டு வண்டிகளுக்கு மட்டும். வாசலில் வேப்பங்கன்றுகூடக் கிடையாது. அங்கேதான் அவன் பதினெட்டு வருடமாக அரைக்கைச் சட்டையோடு நின்றான்.

ஏன் அரைக்கை, ஒரு தொப்பியாவது போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். அதற்கு அவன் அம்மா சரசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அரி பிறந்தபோது சரசுவுக்கு இருபத்து மூன்று வயது. பிள்ளையைப் பார்த்த நாளிலிருந்து அவள் புருஷன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். பிறகு வீட்டுக்கு வருவதையும் குறைத்துக்கொண்டான். ஒருநாள் அதையும் நிறுத்திவிட்டான். சரசு வடகம் பிழிந்து கேம்ப் ரோடு கடைகளுக்குப் போட ஆரம்பித்தாள். யாரோ சொன்னார்கள் என்று பல்லாவரம் பக்கம் ஒரு வைத்தியரிடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் அதை வெண்புள்ளி நோய் என்றார். உடம்பு முழுக்கப் பரவிய புள்ளி என்றார். கார்போக அரிசி என்ற மூலிகை விதை போட்டுக் காய்ச்சிய எண்ணெய் கொடுத்து, தினமும் தடவி இளவெயிலில் உட்கார வை, நிறம் ஏறும் என்றார்.

அன்று தொடங்கியது. வீட்டுக்காரரின் மொட்டை மாடியில் விடியற்காலை சரசு வேட்டியை விரித்து வடகம் பிழிவாள். பக்கத்திலேயே எண்ணெய் தடவிய பிள்ளையைச் சட்டையில்லாமல் உட்கார வைப்பாள். வடகத்தோடு வடகமாக அவனும் காய்ந்தான். பத்தாம் நாள் தோள்பட்டை முழுக்கக் கொப்பளித்துவிட்டது. பயந்துபோய் எண்ணெயை நிறுத்தினாள். வெயிலை நிறுத்தவில்லை. எண்ணெய்தான் சேரவில்லை, வெயில் என்ன செய்யும் என்று நினைத்தாள். எல்லோரும் வெயிலில்தானே கறுக்கிறார்கள்.

அந்தத் தெருவில் மத்தியானம் ஆனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு குரல் கேட்கும். "வெயில்ல ஆடாதடா, கறுத்துப் போயிடுவே, உள்ள வா." பிள்ளைகள் ஒவ்வொருவராக முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போவார்கள். கடைசியில் தெருவில் அரி மட்டும் நிற்பான். அவனை யாரும் கூப்பிட மாட்டார்கள். சரசு வாசற்படியில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று கையைக் காட்டுவாள். கண் கூசி அவன் முகத்தைத் தரையில் தாழ்த்திக்கொண்டு நிற்பான். அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவன் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றால் அவளும் அந்த ஒரு மணி நேரம் வாசலைவிட்டு எழுந்திருக்க மாட்டாள்.

பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியவில்லை. எட்டோடு நின்றது. பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும் காபியோடு முடிந்தது. அதற்குமேல் சரசுவும் தேடவில்லை, அவனும் கேட்கவில்லை. இதை எல்லாம் பெரிய சோகமாக அவன் சொல்வதில்லை. மழைக்கு ஒதுங்க இடமில்லாதவன் நனைந்துகொண்டே நடப்பதுபோல அவன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தான்.

இருபத்தொன்பதாவது வயதில்தான் அது வந்தது. ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமைதோறும் சரசு அவனுக்குத் தலையிலும் கையிலும் நல்லெண்ணெய் தேய்த்துவிடுவது வழக்கம். அன்று இடது முழங்கைக்குக் கீழே தேய்த்தவள் நிறுத்தினாள். அவன் கையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மிளகு அளவுக்கு ஒரு செம்பழுப்புப் புள்ளி.

"டேய், நெறம் வருதுடா" என்றாள்.

அவன் கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தான். உண்மைதான். அவன் உடம்பில் முதல்முறையாக ஒரு நிறம். அன்று வீட்டில் கேசரி கிண்டினாள் சரசு. முந்திரி போட்டு. அவன் தட்டில் இரண்டாவது தடவை வைக்கும்போது, அந்த வைத்தியர் சொன்னது லேட்டாப் பலிக்குது பாரு என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் வருடத்துக்கு ஒன்று இரண்டாக வந்தன. கையில், புறங்கழுத்தில், நெற்றியில், காது மடலில். ஸ்டாண்டு வாசலில் நிற்க நிற்க இன்னும் வேகமாக வந்தன. சனிக்கிழமை காலை அவன் கையை நீட்டிக்கொண்டு உட்காருவான். சரசு எண்ணெய்க் கையால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, "நல்லா வருதுடா நெறம்" என்பாள். அந்தச் சொல்லைக் கேட்கத்தான் அவன் உட்காருகிறானா, அதைச் சொல்லத்தான் அவள் எண்ணெய் எடுக்கிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அரைக்கைச் சட்டையின் ரகசியம் இதுதான்.

புள்ளிகள் முதலில் வழவழப்பாக இருந்தன. பிறகு வந்தவை உப்புத்தாள் போலச் சொரசொரத்தன. மேலே பொருக்குக் கட்டும். நகத்தால் கிள்ளினால் உதிரும், பத்து நாளில் மறுபடியும் கட்டும். குளிக்கும்போது பீர்க்கங்காய் நாரால் தேய்த்தால் எரியும். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வருகிற நிறம் கொஞ்சம் தொந்தரவு கொடுத்துக்கொண்டுதான் வரும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டான்.

போன சித்திரையில் யூனிஸ் டீச்சர் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு டோக்கன் வாங்கியவர், போகாமல் நின்றார். குரோம்பேட்டையில் பள்ளிக்கூட வேலை. பதினோரு வருட வாடிக்கை.

"துரை, காதுல என்ன ரத்தம் காய்ஞ்சிருக்கு?"

"ஒண்ணுமில்ல டீச்சர். பொருக்கு. கிள்ளிட்டேன்."

"போன மாசமும் அதே இடத்துலதான் இருந்துச்சு. நான் பார்த்தேன்." டீச்சர்களுக்கே உரிய குரல். "என்கிட்ட படிச்ச பொண்ணு ஹெப்சி, கவர்மென்ட் ஆஸ்பத்திரியில தோல் டாக்டரா இருக்கா. நாளைக்கே போங்க. நான் போன் பண்ணிச் சொல்றேன். போகலைன்னா என் வண்டியைப் பக்கத்து ஸ்டாண்டுல விடுவேன்."

போனான். டாக்டர் ஹெப்சிக்கு முப்பது வயதுகூட இருக்காது. கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பெரிய லென்சை வைத்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தாள். பார்த்தது போதாதென்று விரலால் தடவியும் பார்த்தாள். அவனை அருவருப்பில்லாமல் தொட்டவர்கள் குறைவு. அதனால் அவனுக்கு அவள்மேல் உடனே நம்பிக்கை வந்துவிட்டது. அதுதான் கஷ்டமாகப் போயிற்று.

"வெயில்ல எத்தனை வருஷமா அண்ணா?"

"பதினெட்டு வருசம் ஸ்டாண்டுல மேடம். அதுக்கு முன்னாடி சின்ன வயசுலேர்ந்தே…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

"சின்ன வயசுலேர்ந்து என்ன?"

"வெயில்லதான் கீறேன்."

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "நமக்கெல்லாம் தோல்ல இருக்கிற கறுப்புதான் குடை மாதிரி. உங்களுக்குப் பிறவியிலேயே அந்தக் குடை இல்ல. அதனால வெயில் நேரா உள்ள போய்த் தோலைக் கெடுத்துருக்கு. இந்தச் சொரசொரப்பு எல்லாம் அதுதான். இது இன்னும் கேன்சர் இல்ல அண்ணா, பயப்படாதீங்க. ஆனா விட்டா இதுல சிலது கேன்சரா மாறும். எது மாறும்னு பார்த்துச் சொல்ல முடியாது. அதனால சொரசொரன்னு இருக்கிற எல்லாத்தையும் எடுத்துடணும். காதுல இருக்கிறதை வெட்டி டெஸ்டுக்கு அனுப்பணும்."

"எல்லாத்தையுமா மேடம்?"

"ஏன், எதையாவது வெச்சுக்கணுமா?" என்று சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. "எடுத்தா அந்த எடத்துல இன்னா நெறம் வரும்?"

டாக்டர் கேள்வி புரியாமல் ஒரு நொடி அவனைப் பார்த்தாள். "வெள்ளையா ஆயிடும். மத்த இடம் மாதிரியே."

அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நாள் குறித்துக் கொடுத்தாள். அரி சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். வராந்தாவில் நோயாளிகளுக்கான பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கேன்சர் என்ற சொல்லுக்கு அவன் பயப்படவே இல்லை என்றால் பொய். ஆனால் அதைவிட அவனைப் போட்டு அழுத்தியது வேறு. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வது? பதினேழு வருடமாக நீ தடவித் தடவிச் சந்தோஷப்பட்டது நிறம் இல்லையாம், நோயாம் என்றா? நீ உட்கார வைத்த வெயில்தான் அதைக் கொடுத்ததாம் என்றா? எழுபது வயதில் அவளிடம் இருக்கும் ஒரே வெற்றி அந்தப் புள்ளிகள்தான். அவனுக்கும்தான் வேறென்ன இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சேலையூர் பஸ் நிறுத்தம் வரை போனான். மூன்று பஸ்ஸை விட்டான். நான்காவது பஸ் வந்தபோது எழுந்து ஸ்டாண்டுக்கே நடந்துவிட்டான். யூனிஸ் டீச்சர் கேட்டபோது டாக்டர் களிம்பு கொடுத்திருக்கிறார் என்று பொய் சொன்னான். பொய் சொல்லவும் தெம்பு வேண்டியிருக்கிறது. அவனிடம் அதுவும் தீர்ந்துகொண்டு வந்தது.

ஆனி மாதத்தில் காதுப் புண் கிள்ளாமலே கசிய ஆரம்பித்தது. காலையில் தலையணை உறையில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருக்கும்.

"காதுல இன்னாடா?" என்றாள் சரசு.

"கொசு கடிச்சிச்சி. சொறிஞ்சிட்டேன்."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அவன் வேலைக்குப் போனதும் உறையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்துப் போட்டுவிடுவாள். மறுநாள் மறுபடியும் ரத்தம், மறுபடியும் துவைத்த உறை. அந்தச் சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது காதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனாள். கையில் இருந்தவற்றை வழக்கம்போலத் தடவினாள். "நல்லா வருதுடா நெறம்" என்று அவள் சொன்னது அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. அந்தக் குரலைத் தாங்க முடியாமல்தான் அவன் திங்கட்கிழமை காலை யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

டாக்டர் ஹெப்சி திட்டவில்லை. "ரெண்டு மாசம் போயிடுச்சே அண்ணா" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மரத்துப்போக ஊசி போட்டுக் காது மடலில் இருந்ததை வெட்டி எடுத்தாள். பிறகு வெண்புகை கக்கும் ஒரு குப்பியை எடுத்து, கையிலும் கழுத்திலும் நெற்றியிலும் ஒவ்வொன்றாகக் குளிரால் பொசுக்கினாள். ஐஸ் மாதிரி குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்திருந்தான். நெருப்பாகத்தான் இருந்தது. இருபத்து மூன்று இடம். கையில் இருந்தவை வெளுத்து உறைவதை அவன் கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். மிளகு அளவுக்கு முதலில் வந்து, பிறகு அதுவும் சொரசொரத்துப்போன புள்ளியின் முறை வந்தபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இதோட முடிஞ்சிடுமா மேடம்?"

"இல்லண்ணா. புதுசு வரும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும். எப்பவும். முழுக்கை, பெரிய தொப்பி, வெயில்ல நிக்கிற வேலை வேண்டாம்."

எப்பவும் என்ற சொல்லை அவன் பஸ்ஸில் வரும்போது நினைத்துப் பார்த்தான். சரி, இதுவும் ஒன்று. ஏற்கெனவே எப்பவும் செய்துகொண்டிருப்பவற்றோடு இதுவும். அம்மாவிடம் சொல்ல ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டான். எல்லாம் ஸ்டாண்டு வெயிலால் வந்ததாம். பெரியவனான பிறகு பட்ட வெயில்தான் காரணமாம், சின்ன வயசில் பட்டது ஒன்றும் செய்யாதாம். டாக்டரே சொன்னார். கேம்ப் ரோடு வரும்வரை அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

சரசு கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். காதுக் கட்டைப் பார்த்தாள். முறத்தை வைத்தாள். "கையக் காட்டு" என்றாள்.

காட்டினான். கொப்பளித்து நின்ற இடங்களை அவள் தொடவில்லை. விரலை மேலாக வைத்துக்கொண்டே முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கொண்டுபோனாள்.

"அது நெறம் இல்லம்மா" என்றான். தயார் செய்துவைத்த வாக்கியம் எங்கோ போய்விட்டது.

"தெரியும்டா."

அவன் நிமிர்ந்தான்.

"நெறம்னா சொரசொரன்னு இருக்குமாடா? நாப்பது வருசமா மாவு பிசையற கையி. எனுக்குத் தெரியாதா? மொதல்ல வந்தது வேற. அப்பால வந்துச்சே, அத்தத் தொட்டப்பவே இது ஆவாதுன்னு தெரிஞ்சிபோச்சு."

"அப்பறம் ஏன்மா வாரா வாரம் சொல்லிக்கினு இருந்த?"

"நீ கைய நீட்டிக்கினு வந்து குந்துவியே. எப்படிடா சொல்லுவேன்? வேற இன்னா சந்தோசம் கீது உனுக்கு."

"நான் உனுக்கோசரம்தான்மா நீட்டினேன்" என்றான் அரி.

வெளியே கேம்ப் ரோடு பக்கமிருந்து பஸ்ஸின் ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது. இவள் அவனுக்காக, அவன் இவளுக்காக என்று இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வளர்த்தது இரண்டு பேருக்குமே வேண்டாததாக இருந்திருக்கிறது. முன்னாடியே யாராவது ஒருவர் வாயைத் திறந்திருக்கலாம். அதை இரண்டு பேரும் நினைத்தார்கள், இரண்டு பேரும் சொல்லவில்லை.

"வெயில்ல குந்த வெச்சதும் நான்தானே" என்றாள் சரசு. அவள் கேள்வியாகக் கேட்கவில்லை.

"ஸ்டாண்டு வெயில்தான்மா" என்றான் இவன். அவள் நம்பவில்லை என்பது தெரிந்தது. இரண்டாம் தடவை சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. அவள் முறத்தை எடுத்து, ஏற்கெனவே புடைத்த அரிசியையே மறுபடியும் புடைத்தாள்.

பதினைந்து நாள் கழித்து டெஸ்ட் முடிவு வந்தது. காதில் இருந்தது மாறுகிற தறுவாயில் இருந்திருக்கிறது, இன்னும் மாறவில்லை, முழுசாக எடுத்தாயிற்று, இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் கதை வேறு என்றாள் டாக்டர். யேசுதாசன் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு தகரக் கூரைக்கடியில் மாதச் சீட்டுப் பக்கம் பார்த்துக்கொள், சாயங்கால ஷிப்டு என்றார். வாசலுக்கு வேறு ஆள் வந்தான். துரை எங்கே என்று நாலு பேர் கேட்டார்கள், பத்து நாளில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். இனிப்பான செய்தி எதுவும் இதில் இல்லை. உயிர் இருக்கிறது, வேலையில் பாதி இருக்கிறது.

கொப்பளம் உதிர்ந்த இடங்கள் டாக்டர் சொன்னபடியே வெளுத்துவிட்டன. அடுத்த சனிக்கிழமை சரசு எண்ணெய் தேய்த்தாள். கையில் தேய்க்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. அவனும் கையை நீட்டவில்லை, அவளாகத்தான் எடுத்துக்கொண்டாள். குளித்துவிட்டு, பழக்க தோஷத்தில், காபித் தம்ளரோடு வாசற்படியில் போய் உட்கார்ந்தான் அரி. எதிர் வீட்டு மாடிக்கு மேலே ஏறி வந்த வெயில் அவன் பாதத்தில் விழுந்தது. மெதுவாக முழங்கால் வரை வந்தது. கண் கூசியது. தலையைத் தாழ்த்திக்கொண்டான். நாற்பது வருடப் பழக்கம் அது.

உள்ளேயிருந்து சரசுவின் குரல் வந்தது.

"வெயில் ஏறிப்போச்சு. அங்க குந்தாத, உள்ள வாடா."

அரி தம்ளரைப் பிடித்தபடி அப்படியே இருந்தான். இந்தத் தெருவில் மற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்ட குரல், அவனுக்கு இன்றுதான் கேட்கிறது. எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"டேய், கூப்பிட்றேன் இல்ல."

"வரேன்மா" என்று உள்ளே போனான்.